நன்றி இருக்கிறது, ஒட்டுதல் ஏன் வரவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் திருப்பிச் சொல்கிறேன். புகலிடம் பெற்று வந்த மூன்று குடும்பங்களுக்கு உங்கள் தன்னார்வக் குழு இரண்டு வருடமாக உதவி வருகிறது. வீடு பார்த்துக் கொடுத்தீர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தீர்கள், படிவங்களை நிரப்பிக் கொடுத்தீர்கள். அவர்களும் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் நடத்தும் ஒன்றுகூடல்களுக்கு வருவதில்லை. விடுமுறை வந்தால் தங்கள் நாட்டுக்காரர்கள் இருக்கும் பகுதிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வீட்டுப் பெரியவர், போன மாதம் நீங்கள் கொண்டுபோன நல்ல சோபாவை வாசலிலேயே நிறுத்தி 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். குழுவில் ஒருவர் 'நன்றி கெட்டவர்கள்' என்று சொல்ல, உங்களுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் மனம் நொந்திருக்கிறது. இன்னும் என்ன செய்தால் இது தங்கள் இடம் என்று அவர்களுக்குத் தோன்றும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் இதுவரை செய்ததெல்லாம் தேவையானவை. அவற்றில் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றிலிருந்து கிடைக்கக்கூடியது நன்றிதான், அது உங்களுக்குக் கிடைத்துவிட்டது. சொந்தம் என்ற உணர்வு வேறு வாசல் வழியாக வருகிறது. தன் பேச்சுக்கு எடை இருக்கும் இடத்தில், தன்னை நம்பி ஒரு காரியம் ஒப்படைக்கப்படும் இடத்தில்தான் மனிதர்கள் கால் ஊன்றுகிறார்கள். கொடுப்பதைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த வாசல் திறக்காது. சில நேரம் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதையும், இதில் எங்கே எனக்கு உறுதியில்லை என்பதையும் எழுதுகிறேன்.

நான் சமூகப்பணி படித்தவள். அதற்கு முன் ஆறு வருடம் புகலிட விசாரணைகளிலும் மருத்துவமனைகளிலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பிறகு 14 வருடமாக, புதிதாகக் குடியேறும் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் அனுமதி கிடைத்து ஒரு வீட்டில் குடியேறியவர்களைப் பற்றியது. முகாம்களில் வருடக்கணக்காக இருப்பவர்களுக்கும், பெற்றோர் இல்லாமல் தனியாக வந்த பிள்ளைகளுக்கும், தடுப்புக்காவலில் இருந்தவர்களுக்கும் நான் சொல்வதை அப்படியே பொருத்திவிட வேண்டாம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் கதவைத் தட்டும் குடும்பத்துக்கு உங்கள் ஊர் முதல் ஊராக இருப்பது அபூர்வம். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் கணக்குப்படி 2024 முடிவில் உலகில் சுமார் 12 கோடியே 32 லட்சம் பேர் வாழ்ந்த இடத்தை விட்டு விரட்டப்பட்டவர்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தவர்கள் அதற்குள் இரண்டு மூன்று இடங்களில் 'இங்கேதான் இனிமேல்' என்று நினைத்து, அங்கிருந்தும் கிளப்பப்பட்டிருப்பார்கள். நான்காவது இடத்தில் உடனே பெட்டியைப் பிரித்து அடுக்க அவர்களுக்குக் கை வராது. அதை உங்கள் மேல் உள்ள கசப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அனுமதி கிடைப்பதற்கு முன்னால் நடப்பது. புகலிடக் கோரிக்கை என்பது, ஒருவர் தன் வாழ்க்கையின் மிகக் கேவலமான, மிக வலித்த நாட்களை ஓர் அந்நியர் முன்னால் வரிசையாகச் சொல்லி, அவர் நம்புகிறாரா என்று காத்திருப்பது. தேதி முன்பின்னாக வந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த முறை அதே கேள்வி வேறு மாதிரி வரும். இது சட்டத்துக்குத் தேவையான விசாரணை, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பக்க விளைவு ஒன்று உண்டு. அன்போடு கேட்கப்படும் கேள்வியும் அதற்குப் பிறகு விசாரணை மாதிரித்தான் காதில் விழும். 'வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள், போர்வை போதுமா?' என்று நீங்கள் கேட்கும்போது, அந்தப் பெரியவரின் முதுகு ஏன் நிமிர்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சில மொழிகளில் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு, சிலவற்றில் கிடையாது. கிடையாத மொழியில் அதிகாரி கேட்ட கேள்வியை, உள்ள மொழிக்கு மாற்றும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மரியாதை உண்டா இல்லையா என்பதை அந்த நொடியில் முடிவு செய்வது மொழிபெயர்ப்பாளர்தான். 60 வயதுக்காரரை ஒருமையில் விளித்த மொழிபெயர்ப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அதிகாரிக்கு அது தெரியவே தெரியாது. பெரியவரோ அந்த நாடே தன்னை 'நீ' என்று கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு வெளியே வருவார். இதற்கு மறுபக்கமும் உண்டு. புது மொழியைத் தெருவிலும் வேலையிடத்திலும் கேட்டுக் கற்றுக்கொள்பவர்களுக்கு முதலில் வாயில் ஏறுவது ஒருமை வடிவம்தான். அவர் அண்டை வீட்டுக்காரரை, பள்ளி ஆசிரியரை, வாடகைக்கு விட்டவரை எல்லாரையும் ஒருமையில் பேசி, திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்குவார். யாரும் அவரிடம் சொல்வதில்லை. நீங்கள் மொழி வகுப்பு நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். இலக்கணத்துக்கு முன்னால் அந்த மொழியின் மரியாதைச் சொற்களைச் சொல்லிக் கொடுங்கள்.

காத்திருப்பைப் பற்றி ஆதாரத்தோடு சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1994 முதல் 2004 வரை வந்த புகலிடக் கோரிக்கையாளர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. முடிவுக்காக ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருந்தவர்கள், அனுமதி கிடைத்த பிறகு வேலையில் இருக்கும் வாய்ப்பு 4 முதல் 5 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. கைத்திறன் மங்கிப்போனதைவிட மனம் சோர்ந்துபோனதுதான் முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். காரணத்தில் வாதம் இருக்கலாம், விளைவில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்றும் செய்யவிடாமல் ஒருவரை இரண்டு மூன்று வருடம் உட்கார வைத்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சுறுசுறுப்பாக இரு என்றால் நடக்காது.

இனி அந்தப் பெரியவர். தன் நாட்டில் நில அளவையாளராக இருந்தவர் என்று ஒரு வரியில் சொல்லிப் போயிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் நிறைய நேரம் நின்றேன். குடியேற்றத்தில் மிகவும் பலமாக விழுகிறவர்கள் இவர்கள்தான். பிள்ளைகள் சீக்கிரமே மொழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இளம் பெண்கள் பலருக்குப் புது இடத்தில் படிக்கவும் சம்பாதிக்கவும் முன்னால் இல்லாத வழி திறக்கிறது. ஆனால் 50 வயதுக்கு மேல் வந்து சேர்ந்த, ஊரில் நாலு பேர் யோசனை கேட்டு வந்து நின்ற மனிதருக்கு, ஒரே நாளில் எல்லாம் தலைகீழாகிறது. மருத்துவமனைக் கவுன்ட்டரில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்கள், அந்த எண் தன்னுடையது என்று 11 வயதுப் பேத்தி சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல்கிறாள். உள்ளே போனால் சிறுநீர்ப் பிரச்சினையை அந்தக் குழந்தை வழியாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு தாத்தா அப்படியே பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன். 'ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பில் எழுதினார்கள். குழந்தையை மொழிபெயர்க்க வைப்பதால் குடும்பத்தில் யார் பெரியவர் என்ற வரிசை குலையலாம் என்று இந்தத் துறையில் பலர் சொல்கிறார்கள். ஆய்வுகள் எல்லாம் இதில் ஒரே மாதிரி சொல்லவில்லை, நான் பார்த்த வரை அப்படித்தான். குழந்தைக்கும் அது தாங்கக்கூடிய பாரம் இல்லை. தாத்தாவின் நோயைத் தெரிந்துகொண்டு, அதைச் சொல்வதா மறைப்பதா என்று அவளே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பூட்டானிலிருந்து 1990-களின் தொடக்கத்தில் வெளியேற்றப்பட்ட நேபாளி பேசும் மக்கள், நேபாள முகாம்களில் 15 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, 2007-இன் பிற்பகுதியிலிருந்து எட்டு நாடுகளில் குடியேற்றப்பட்டார்கள். மொத்தம் 1 லட்சத்துக்கும் மேல், பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, வீடு உண்டு, பள்ளி உண்டு. ஆனாலும் அவர்களுக்குள் தற்கொலைகள் கூடுவதைப் பார்த்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009 முதல் 2012 வரையிலான காலத்தை ஆராய்ந்தது. அந்த நாட்டின் பொது விகிதத்தைவிட அவர்களிடம் விகிதம் தெளிவாக அதிகமாக இருந்தது. மொழி தெரியாமை, பிரிந்த குடும்பத்தைப் பற்றிய கவலை இவையெல்லாம் காரணங்களில் வந்தன. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்களிடம் சேர்ந்து காணப்பட்ட இன்னொன்று, குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுபவராக இல்லாமல் போனது. பாதுகாப்பு கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். உங்கள் பெரியவர் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று வீட்டார் சொன்னால், அதைக் கோபம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதற்கு இந்தப் பதிலில் மருந்து இல்லை.

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்று. காத்திருப்பு அறைக் கதவின் மேல் கீல் தளர்ந்து, கதவு தரையில் உரசிக்கொண்டு பாதியில் நிற்கும். ஒவ்வொருவரும் தோளால் ஒரு தள்ளு தள்ளித்தான் உள்ளே வருவோம். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வந்து உட்காரும் ஒருவர், நடுத்தர வயதுக்காரர், அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு திருப்புளியும் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மரச்சிம்பும் கிடைத்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவேன் என்று சொல்லச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். என் சக ஊழியர் நல்லவர், முகமெல்லாம் சிரிப்போடு, 'ஐயையோ, உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம், அதற்கு ஆள் வருவார்' என்றார். அதையும் நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஆள் நான்கு மாதம் வரவில்லை. அந்த நான்கு மாதமும் அவர் ஒவ்வொரு செவ்வாயும் அந்தக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து, எங்களிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிறகு வந்த மேற்பார்வையாளர் ஒருவர் கதவில் இடித்துக்கொண்டு, 'இதைச் சரிபண்ண இங்கே யாருக்காவது தெரியுமா?' என்று எரிச்சலோடு பொதுவாகக் கேட்டார். அவர் எழுந்து நின்றார். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய திருப்புளி அவர் பையிலேயே இருந்தது. எத்தனை வாரமாகக் கொண்டு வந்துகொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது.

இதனால் அவர் வாழ்க்கையே மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த நாட்டு மொழி கடைசி வரை சரியாக வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களிடம் எதிர்த்துப் பேச ஆரம்பித்தார். மொழி வகுப்பு நேரம் சரியில்லை என்றார், நாங்கள் கொடுத்த வேலை வாய்ப்புப் பட்டியல் பழையது என்றார். அவர் குறை சொல்லத் தொடங்கியதுதான் எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. விருந்தாளி குறை சொல்ல மாட்டார், வீட்டு ஆள்தான் சொல்வார்.

உங்கள் சோபா விஷயத்தையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். இரண்டு வருடம் வருவதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட மனிதர் முதன்முறையாக 'இது என் வீடு, இதில் என்ன இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன்' என்று சொல்லியிருக்கிறார். நன்றிக்கடன் வாங்கிய பொருளோடு முடிவதில்லை. திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத கடன் ஒவ்வொரு பொருளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கனடாவில் 1979 முதல், பொதுமக்கள் குழுவாகச் சேர்ந்து அகதிக் குடும்பங்களைப் பொறுப்பெடுக்கும் திட்டம் நடக்கிறது. அப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியேறியிருக்கிறார்கள். அகதிகளுக்கு உதவியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் நான்சென் விருது 1986-இல் கனடிய மக்களுக்கே வழங்கப்பட்டது. உலகம் பார்த்துப் பின்பற்றும் திட்டம். பொறுப்பு வழக்கமாக 12 மாதம். அதனால் அங்கே இந்த வேலை செய்பவர்களிடம் '13-ஆம் மாதம்' என்றே ஒரு பேச்சு உண்டு. பணம் நின்ற பிறகு உறவு என்ன ஆகும் என்ற கேள்வி அது. பணம் கொடுப்பவர்களே நண்பர்களாகவும் இருப்பதில் உள்ள சிக்கல் அங்கும் உண்டு. வீட்டுச் செலவை எப்படிச் செய்ய வேண்டும், பிள்ளையை எப்படிக் கண்டிக்க வேண்டும் என்று பொறுப்பெடுத்தவர்கள் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நல்லெண்ணம்தான். கேட்பவருக்கோ மறுக்க முடியாத நிலை. மறுக்க முடியாத இடத்தில் சொல்லப்படும் 'சரி'க்கு மதிப்பில்லை. உங்கள் பெரியவர் மறுத்துவிட்டார், அவரோடு இனிமேல் நிஜமாகப் பேச முடியும்.

விடுமுறையில் தங்கள் ஆட்களிடம் போய்விடுகிறார்கள் என்ற வருத்தத்தை முழுக்க விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சுவீடன் 1985-இல், அகதிகள் பெரிய நகரங்களில் குவியாமல் நாடெங்கும் பரவி வாழ வேண்டும் என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. கலந்து வாழ்ந்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதான். அரசே இடம் ஒதுக்கியதால், யார் எங்கே போனால் என்ன ஆனது என்று பிற்பாடு ஒப்பிட முடிந்தது. 2003-இல் வெளியான ஆய்வில், அதிகம் படிக்காதவர்களுக்குத் தங்கள் மக்கள் கூடுதலாக வாழும் இடத்தில் இருப்பது வருமானத்தைக் கூட்டியது என்று தெரிந்தது. அந்த மக்கள் ஏற்கெனவே ஓரளவு சம்பாதிப்பவர்களாக இருந்தால் பலன் இன்னும் அதிகம். வேலை எங்கே இருக்கிறது, எந்த அலுவலகத்தில் என்ன கேட்பார்கள் என்பதைத் தன் மொழியில் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார். அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே அவர் அகதி இல்லை. இன்னாரின் தம்பி, அந்தப் பள்ளியில் படித்தவர், நன்றாகப் பாடுபவர். வாரத்தில் ஐந்து நாள் அகதியாக இருந்துவிட்டு, இரண்டு நாள் மனிதராக இருக்கப் போகிறார். போய்விட்டு வரட்டும். அந்த இரண்டு நாள் இருப்பதால்தான் மற்ற ஐந்து நாள் ஓடுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சொந்த மக்கள் எல்லாருக்கும் ஆறுதல் இல்லை. போரில் எதிரெதிர்ப் பக்கம் இருந்தவர்கள் ஒரே கட்டடத்தில் வந்து சேர்கிறார்கள். கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்ணுக்கும், மதம் மாறியவருக்கும், ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவருக்கும், தன் நாட்டுக்காரர்கள் என்றாலே நெஞ்சு படபடக்கும். நான் மொழிபெயர்க்கப் போன இடத்தில், நான் பேசத் தொடங்கியதும் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டார். நான் பேசிய உச்சரிப்பு எந்தப் பகுதியுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 'உங்கள் நாட்டுக்காரர் ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன்' என்று ஆர்வத்தில் கிளம்புவதற்கு முன், வேண்டுமா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள்.

சரி, இரண்டு பக்கமும் ஒட்டுதல் இருப்பதுதான் நல்லது என்று படித்திருப்பீர்கள். ஜான் பெர்ரி என்ற உளவியலாளர், தன் பண்பாட்டைக் காப்பது, புதிய சமூகத்தோடு கலப்பது ஆகிய இரண்டையும் வைத்து நான்கு வழிகளைப் பிரித்தார். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவர்களே நன்றாக இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்லி வந்தன. நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடம் அப்படியே பிறருக்கும் சொன்னேன். ஆனால் 2021-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், அந்தத் தொடர்பு நினைத்ததைவிட வலுவற்றது என்றும், வருடக்கணக்கில் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் ஏறக்குறைய காணாமல் போகிறது என்றும் காட்டினார்கள். இரண்டு பக்கமும் கலந்ததால் நன்றாக இருக்கிறார்களா, நன்றாக இருப்பதால் கலக்க முடிகிறதா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆகவே ஒன்றுகூடலுக்கு வரவைத்துவிட்டால் ஒட்டுதல் வந்துவிடும் என்ற கணக்கை நான் இப்போது போடுவதில்லை.

சின்ன விஷயங்களில் எனக்கு அதைவிட நம்பிக்கை அதிகம். அலஸ்டேர் ஏகர், அலிசன் ஸ்ட்ராங் என்ற இரு ஆய்வாளர்கள் லண்டனின் இஸ்லிங்டனிலும் கிளாஸ்கோவின் பொல்லக்ஷாசிலும் அகதிகளிடமும் உள்ளூர்க்காரர்களிடமும் பேசி, 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒட்டுதலுக்கு எவையெல்லாம் வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் பலர் பயன்படுத்தும் சட்டகம் அதுதான். வேலை, வீடு, கல்வி, உடல்நலம், உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. எனக்கு அதில் மறக்காமல் நிற்பது வேறு. தெருவில் போகும்போது தெரிந்த முகமாகப் பார்த்து ஒரு வணக்கம் சொல்வது மாதிரியான சின்ன நட்பு, அதன் அளவுக்கு மீறிய நல்லதைச் செய்கிறது என்பதை அவர்கள் கண்டார்கள். மாதம் ஒரு முறை அரங்கம் எடுத்துக் கூட்டம் நடத்துவதைவிட, தினமும் மாடிப்படியில் பெயர் சொல்லி விசாரிப்பது கனமானது. பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். 'உங்கள் பெயர் எங்கள் வாயில் நுழையாது, சுருக்கிக் கூப்பிடலாமா?' என்று கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். கேட்காமல் ஐந்து தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் குழு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொடுக்க முடியாத ஒன்று உண்டு. சொந்தம் என்பதற்கு ஒரு காகிதமும் வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, 34-ஆவது பிரிவில், அகதிகள் குடியுரிமை பெறுவதை நாடுகள் இயன்றவரை எளிதாக்க வேண்டும், நடைமுறையை விரைவுபடுத்திக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது. 'இயன்றவரை' என்ற சொல்லில் வருடங்கள் கரைந்துபோகின்றன. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் 1933-இல் ஜெர்மனியை விட்டுத் தப்பினார், 1951-இல்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. நடுவில் 18 வருடம். 1943-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, அகதி என்று அழைக்கப்படுவதை நாங்கள் விரும்புவதில்லை என்றுதான் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் சில ஊராட்சிகளில் முன்பு, யாருக்குக் குடியுரிமை கொடுப்பது என்று ஊரார் வாக்குச்சீட்டில் முடிவு செய்தார்கள். மயிரிழையில் ஜெயித்தவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் பல வருடம் கழித்து ஒப்பிட்டபோது, ஜெயித்தவர்கள்தான் அந்தச் சமூகத்தோடு கூடுதலாகக் கலந்திருந்தார்கள். அவர்கள் எல்லாரும் அகதிகள் இல்லை, பொதுவாகக் குடியேறியவர்கள். இருந்தாலும் 'முதலில் ஒட்டட்டும், பிறகு குடியுரிமை தருவோம்' என்ற வாதத்தை அது பலமாக அசைக்கிறது. உங்கள் மூன்று குடும்பங்களின் அனுமதி எப்போது முடிகிறது, புதுப்பிக்க வேண்டுமா என்று பாருங்கள். இரண்டு வருடத்தில் காலாவதியாகும் அட்டையை வைத்துக்கொண்டு யாரும் மரம் நட மாட்டார்கள்.

படிப்புச் சான்றிதழையும் பாருங்கள். பிற நாட்டுப் படிப்புகளை அங்கீகரிப்பது பற்றிய 1997-இன் லிஸ்பன் உடன்படிக்கையில், ஆவணங்கள் கையில் இல்லாத அகதிகளின் படிப்பையும் நியாயமாக மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளில் அதற்கான அலுவலகம் உண்டு. உங்கள் நாடு அதில் சேர்ந்ததா என்று ஒரு தொலைபேசியில் தெரிந்துவிடும். அவர் வயதுக்கு அளவையாளர் வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், பெரும்பாலும் கிடைக்காது. என் அனுபவத்தில் அந்த வயதில் பழைய வேலைக்கே திரும்பியவர்கள் மிகக் குறைவு. ஆனால் 'இவர் அளவையாளர்' என்று அந்த நாட்டு முத்திரையோடு ஒரு தாள் வீட்டில் இருப்பது, வேலை கிடைக்காவிட்டாலும் வீண் இல்லை. அப்படி ஒரு தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன்.

இப்போது, நீங்கள் அடுத்து செய்யக்கூடியது. குடியிருப்புக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் தோட்டம் போட்டு, குடும்பத்துக்கு ஒரு பாத்தி பிரித்துக் கொடுக்கப் போவதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பாத்திகளை நீங்கள் பிரிக்காதீர்கள். அந்தப் பெரியவரிடம் போய், சோபாவைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல், நிலம் கோணலாக இருக்கிறது, சரிசமமாகப் பிரிக்க எங்களுக்குத் தெரியவில்லை, நீங்கள் அளந்து தர முடியுமா என்று கேளுங்கள். அது உண்மையாகவே உங்களுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும், அவரை மகிழ்விப்பதற்காகக் கேட்பதை அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். முடியாது என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. சொன்னால் வற்புறுத்தாமல் வந்துவிடுங்கள். சம்மதித்தால் நாடாவும் முளைக்குச்சியும் நூலும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் சொல்கிற இடத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பேசுவதற்கு அவர் பேத்தியைக் கூப்பிட வேண்டாம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கும். அவர் எந்தப் பகுதிக்காரராக இருந்தால் பெரியவருக்குச் சௌகரியம் என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.